"ஒரிஜினல் புல்லட் இருக்குதுங்களா?"ன்னு கேட்டு வர்றவங்களுக்கு

முன்னெல்லாம் எங்க ஊருக்கு மாடு பார்க்க, மஞ்சள் பார்க்க, தேங்காய் பார்க்கத்தான் வெளியூர் ஆள் வருவாங்க. இப்போ ஞாயிற்றுக்கிழமை ஆனா கார்ல நாலு பேர் வந்து டீக்கடை முன்னால இறங்கி, "இங்க யார்கிட்டயாவது பழைய புல்லட் இருக்குதுங்களா? ஒரிஜினலா இருக்கணும்"னு கேட்கிறாங்க. அந்த "ஒரிஜினலா இருக்கணும்" என்கிற வார்த்தையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருஷம் உழைச்ச வண்டியைப் பார்த்து "இது ஒரிஜினலா?"ன்னு கேட்டா, உண்மை பேசுறவனுக்கு அதில் பதில் கிடையாது. பொய் சொல்றவனுக்கு மட்டும் "ஆமாங்க"ன்னு ஒரே வார்த்தையில் பதில் இருக்குது. கேட்க வேண்டிய கேள்வி வேற. "இந்த இன்ஜின்ல என்னென்ன மாத்தினீங்க? எதுக்கு மாத்தினீங்க? கழட்டின சாமான் எங்க இருக்குது?" இந்த மூணையும் கேளுங்க. வண்டியைப் பற்றியும் தெரியும், விற்கிற ஆளைப் பற்றியும் தெரியும்.

நான் மெக்கானிக் இல்லைங்க. ஆனா இந்தப் பக்கத்து விவசாயி யாரா இருந்தாலும் பாதி மெக்கானிக்தான். கிணத்து மேட்டில் ஆயில் இன்ஜினை நாமே பிரிச்சு நாமே மாட்டி வளர்ந்தவங்க. அந்த அனுபவத்திலும், பட்டறையில் உட்கார்ந்து பார்த்த பழக்கத்திலும் எழுதுகிறேன்.

ஏன் கண்டுபிடிக்கிறது கஷ்டம்

புல்லட்டோட பிறப்பைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி செய்த வண்டி அது. இப்போ நாம பார்க்கிற வடிவத்துப் புல்லட் 1948-ல் முதல்ல தலை காட்டினது சாலையில் இல்லை, டிரையல்ஸ் போட்டியில். டிரையல்ஸ்னா வேகப் பந்தயம் கிடையாது. பாறை, சேறு, ஓடை, செங்குத்தான மேடு இதுல எல்லாம் காலைத் தரையில் ஊன்றாம மெதுவா ஏறி இறங்கணும். கால் ஊன்றினா புள்ளி போச்சு. அதே வருஷம் இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட்டுகள் தங்கப் பதக்கம் வாங்கின. பிறகு ஜானி பிரிட்டன் என்கிறவர் ஸ்காட்லாந்து ஆறு நாள் டிரையல்ஸை 1952-லும் 1957-லும் ராயல் என்ஃபீல்டில் ஜெயிச்சார். எச்.என்.பி. 331 என்கிற அவர் வண்டி எண் இன்னிக்கும் பேர்போனது.

இதுல ஒரு வேடிக்கை இருக்குது பாருங்க. அந்தப் போட்டி வண்டி எதுவும் கடையில் வாங்கின மாதிரி ஓடலை. மெதுவா இழுக்கிறதுக்காக பல்சக்கரத்தை மாத்துவாங்க. புகைக்குழாயைப் பாறையில் இடிக்காம மேலே தூக்கிக் கட்டுவாங்க. எடை குறைக்கத் தேவையில்லாததைக் கழட்டுவாங்க. உடைஞ்சது போக புதுசு போடுவாங்க. அப்போ அந்த வண்டிக்கு "ஒரிஜினல்" எது? அது அன்னிக்குப் போட்டிக்குப் போன நிலைமைதான் ஒரிஜினல். மாத்தினதுதான் அதோட சரித்திரம். இங்கிலாந்தில் பழைய டிரையல்ஸ் வண்டி சேர்க்கிறவங்க பார்க்கிறதும், எந்த மாற்றம் அந்தக் காலத்தில் கம்பெனி ஆளே செய்தது, எது பின்னால் ஒருத்தர் தன் இஷ்டத்துக்குச் செய்தது என்கிறதைத்தான்.

நம்ம கதைக்கு வருவோம். 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கினாங்க. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதல்ல அங்கிருந்து வந்த சாமானைப் பூட்டினாங்க. 1962 வாக்கில் எல்லாச் சாமானும் இங்கேயே தயார் ஆச்சு. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடியாச்சு. ஆனா அதே வார்ப்பிரும்பு சிலிண்டர் வச்ச இன்ஜின், 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 சி.சி., இங்கே 2010 பக்கம் வரைக்கும் வந்துட்டே இருந்தது.

கண்டுபிடிக்கிறதில் உள்ள சிக்கல் பூரா இங்கதான். ஒரே அமைப்பை அரை நூற்றாண்டு செய்ததால, 1990-ல் வந்த சாமான் பெரும்பாலும் 1965 வண்டியில் உட்கார்ந்துக்கும். நம்ம பாட்டி செய்த உரலில் பேத்தி வீட்டு உலக்கை இடிக்கிற மாதிரி. அதனால எங்க ஊர்ல ஓடுற எந்தப் பழைய புல்லட்டை எடுத்தாலும், அதுல மூணு தலைமுறைச் சாமான் கலந்து கிடக்கும். பட்டாளத்தில் ஏலம் விட்ட வண்டி, போலீஸ் ஏலத்தில் எடுத்த வண்டின்னா இன்னும் மோசம். ரெண்டு வண்டியை வாங்கி ஒண்ணாக்கினதெல்லாம் உண்டு.

நாலு வகையாப் பிரிச்சுப் பாருங்க

மாற்றம் எல்லாமே ஒரே தராசில் நிற்காது. நான் நாலாப் பிரிப்பேன்.

ஒண்ணாவது, தேயுறதுக்கென்றே செய்த சாமான். பிஸ்டன், ரிங்கு, வால்வு, கைடு, கிளட்ச் பிளேட், செயின், பாயிண்ட். இதுல ஒரிஜினல் கேட்கிறது, எண்பது வயசுக்காரரிடம் பால் பல் இருக்குதான்னு கேட்கிற மாதிரி. பிஸ்டன் தேய்ஞ்சா சிலிண்டரைக் கடைஞ்சு ஒரு அளவு பெரிய பிஸ்டன் போடுவாங்க. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. எங்க பட்டறையில் "பத்து, இருபது, முப்பது"ன்னு சுருக்கமாச் சொல்லுவாங்க. ஹெட்டைக் கழட்டினா பிஸ்டன் தலையிலேயே அந்த எண் அடிச்சிருக்கும். அதுல குற்றம் எதுவும் இல்லை. எத்தனாவது அளவில் நிற்குதுன்னு தெரிஞ்சா, இன்னும் எத்தனை தடவை கடையலாம்னு தெரியும், அவ்வளவுதான். கடைசி அளவும் தாண்டிட்டா உள்ளே லைனர் அடிச்சு மறுபடி ஆரம்ப அளவுக்குக் கொண்டு வருவாங்க. அதனால "ஸ்டாண்டர்ட் பிஸ்டன்தான் இருக்குது, இன்ஜின் தொடவே இல்லை"ன்னு யாராவது சொன்னா, லைனர் போட்டதான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

இரண்டாவது, திருப்பிப் போடக்கூடிய மாற்றம். இதுதான் வண்டியில் அதிகம் இருக்கும். பழைய அமால் கார்புரேட்டர் போய் வி.எம்.24 மிக்கார்ப் வந்திருக்கும். அமாலில் உள்ளே ஏறி இறங்குற சிலைடு தேய்ஞ்சா வண்டி ஒரே சீரா நிற்காது. புதுசும் கிடைக்காது. மெக்கானிக் மிக்கார்ப் மாட்டி விட்டிருப்பார். வண்டியும் நல்லா ஓடியிருக்கும். பாயிண்ட் இருந்த இடத்தில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்திருக்கும். 6 வோல்ட் போய் 12 வோல்ட் ஆகியிருக்கும். டீகம்ப்ரஸரைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில் ஒரு போல்ட்டை முறுக்கி அடைச்சிருப்பாங்க. பக்கத்து மூடிகளில் கீறல் தலை ஸ்குரூவுக்குப் பதிலா ஆலன் ஸ்குரூ இருக்கும். இதெல்லாம் பழைய சாமான் கையில் இருந்தா ஒரு நாள் வேலை. அதனாலதான் "கழட்டினது எங்க?"ன்னு கேட்கச் சொல்றேன். எங்க வீடுகளில் எதையும் தூக்கிப் போட மாட்டோம். பரண் மேல ஒரு யூரியா சாக்கு இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

மூணாவது, திருப்பிப் போட முடியாத அல்லது திருப்பக் கூடாத மாற்றம். முக்கியமானது பிக் எண்ட். கனெக்டிங் ராடு கிரான்க்கோடு சேருற இடம். பழைய புல்லட்டில் அங்க உருளை பேரிங் கிடையாது. மிதக்கும் புஷ்தான். எண்ணெய் ஒழுங்காப் போய்ச் சேர்ந்தா நல்லா நிற்கும். எண்ணெய் குறைஞ்சாலோ, காலையில் சூடாகும் முன்னே முறுக்கினாலோ சீக்கிரம் போயிடும். அதனால மெக்கானிக்குகள் ரோலர் பேரிங் வச்ச செட்டைப் போட ஆரம்பிச்சாங்க. ஓட்டுறவனுக்கு அது நல்லது. இன்ஜினைப் பிளக்காம வெளியிலிருந்து பார்த்து அதைச் சொல்ல யாராலும் முடியாது. இன்னொண்ணு, கிரான்க் கேஸ் ஒட்டு. ராடு உடைஞ்சு கேஸைக் குத்திப் பொத்தல் ஆகி, ஆர்கான் வெல்டிங் வச்ச வண்டி எத்தனையோ இருக்குது. கேஸோட ரெண்டு பாதியும் ஜோடி சேர்த்துக் கடைஞ்சது. ஒரு பாதி மட்டும் வேற வண்டியிலிருந்து வந்திருந்தா, பேரிங் நேர்கோட்டில் நிற்குதான்னு பட்டறையில் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

நாலாவது, மறைக்கிறதுக்காகச் செய்த மாற்றம். நம்பரைச் சுரண்டி வேற நம்பர் அடிக்கிறது, ஒட்டுப் போட்ட இடத்தில் பெயிண்ட் பூசுறது, புது அமால் வாங்கி மாட்டிட்டு "பிறந்ததிலிருந்து இதுதான்"னு சொல்றது. முதல் மூணும் பழுது பார்க்கிற வேலை. இது ஒண்ணுதான் திருட்டு வேலை.

கையில என்ன கொண்டு போகணும்

ஒரு காந்தம், ஒரு டார்ச், ஒரு பென்சில், வெள்ளைத் தாள், ஒரு செட் ஸ்பேனர். இது போதும்.

காந்தத்தை சிலிண்டர் விலாவில் வச்சுப் பாருங்க. பழைய இன்ஜினில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஒட்டணும். மேலே இருக்கிற ஹெட் அலுமினியம், ஒட்டாது. சிலிண்டரிலும் ஒட்டலைன்னா அது வேற பிளாக், இல்லைன்னா பின்னால் வந்த வேற இன்ஜின். 2000 வாக்கில் ஏ.வி.எல். என்கிற அலுமினிய இன்ஜின் வந்தது. பெயிண்ட் எந்த நிறம் என்கிறதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

விலாக்களை டார்ச் அடிச்சு எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொண்ணாப் பாருங்க. உடைஞ்ச விலா தப்பில்லை. உடைஞ்சதை மறைச்சு ஒட்டினதுதான் பார்க்க வேண்டியது. பிளக் ஓட்டையில் மரை போய் புஷ் போட்டிருந்தா, பிளக்கைக் கழட்டினதும் ஒரு வளையம் தனியாத் தெரியும்.

அடுத்தது மரை. பழைய புல்லட்டில் நட்டு போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. அந்தக் காலத்து மெக்கானிக்கிட்ட தனி ஸ்பேனர் செட்டே இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் கச்சிதமா உட்காருற போல்ட் எங்கெல்லாம் இருக்குதோ, அங்கெல்லாம் யாரோ கை வச்சிருக்காங்க. போல்ட் மாத்தினதோட நின்னா பரவாயில்லை. பழைய ஓட்டையைப் பெரிசாக்கி மில்லிமீட்டர் மரை போட்டிருந்தா அது மூணாவது வகை.

பாயிண்ட் இருக்குதா எலக்ட்ரானிக்கா என்கிறதுக்கு ஒரு சோதனை உண்டு. சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் மெதுவா அழுத்துங்க. ஹெட்லைட் மேல இருக்கிற அம்மீட்டர் முள்ளைப் பாருங்க. பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் ஒரு பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். பழைய ஆட்கள் முள்ளை நடுவுக்குக் கொண்டு வந்து, டீகம்ப்ரஸரை அமுக்கி, கிக்கரை இன்னும் கொஞ்சம் கீழே விட்டு, அப்புறம்தான் உதைப்பாங்க. முள் அசையவே இல்லைன்னா பேட்டரி செத்திருக்கணும், மீட்டர் செத்திருக்கணும், இல்லை பாயிண்ட் அங்க இல்லை.

இடது பக்கம் செயின் மூடியை ஒரே ஒரு நட்டுதான் பிடிச்சிருக்கும். கீழே ஒரு தட்டு வச்சுட்டு அதைக் கழட்டினா கிளட்ச், செயின், ஆல்டர்னேட்டர் எல்லாம் கண் முன்னால. "திறக்க வேண்டாங்க, எண்ணெய் கொட்டிடும்"னு விற்கிறவர் தடுத்தா, கொட்டுற எண்ணெய்க்குக் காசு நான் தர்றேன்னு சொல்லுங்க. அதுக்கும் சம்மதிக்கலைன்னா டீ குடிச்சுட்டுக் கிளம்பிடுங்க.

கடைசியா நம்பர். சிலிண்டருக்குக் கீழே கிரான்க் கேஸில் இன்ஜின் நம்பர், முன்னால் ஹேண்டில் கழுத்துப் பக்கம் சேசிஸ் நம்பர். ரெண்டு மேலயும் தாளை வச்சுப் பென்சிலால் தேய்ச்சு எடுங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எடுக்கிறதும் இப்படித்தான். எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கிறதை வச்சுச் சந்தேகப்படாதீங்க. கையால் அடிச்ச நம்பர் கோணலாத்தான் இருக்கும். நம்பரைச் சுற்றி இருக்கிற பரப்பைப் பாருங்க. அந்த இடம் மட்டும் வழவழன்னு பள்ளம் விழுந்திருந்தா, பழைய எழுத்தோட நிழல் தாளில் தெரிஞ்சா, விட்டுடுங்க. அங்க ஒரிஜினலா இல்லையா என்கிற பேச்சே இல்லை. நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் நீங்கதான் பதில் சொல்லணும்.

"டிரையல்ஸ் புல்லட்"னு சொல்லி விற்கிறவங்களையும் இப்போ பார்க்கிறேன். புகைக்குழாய் மேலே தூக்கி, பட்டன் டயர் போட்டு, ஒத்தை சீட் வச்சிருப்பாங்க. கம்பெனியே 2019-ல் அந்தப் பழைய பெருமையை நினைச்சு "புல்லட் டிரையல்ஸ்"னு ஒரு மாடல் விட்டாங்க. அதுலயும் இன்ஜின் சாதாரணப் புல்லட்டோடதுதான். தோற்றத்தைப் பார்த்து ஐம்பது வருஷத்துப் போட்டி வண்டின்னு நம்பிடாதீங்க. பல்சக்கரத்தில் பல்லை எண்ணிப் பாருங்க. சாலை வண்டியோட பல்லே இருந்தா, மாறினது சட்டை மட்டும்தான்.

எனக்கு இதுல என்ன வருத்தம்

எங்க பெரியப்பா வீட்டில் ஒரு புல்லட் இருந்தது. முப்பது வருஷம் பால் கேன் சுமந்த வண்டி. அமால் தேய்ஞ்சு மிக்கார்ப் போட்டது. பிக் எண்ட் போய் ரோலர் போட்டது. ஒரு தடவை லைனர். அவர் காலமானதும் பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தது. அண்ணன் விற்கிறதுன்னு முடிவு பண்ணினார். வந்தவர்கிட்ட இதையெல்லாம் ஒளிக்காமச் சொன்னார். "அப்போ ஒரிஜினல் இல்லைங்களே"ன்னு ஒவ்வொண்ணுக்கும் விலையைக் குறைச்சாங்க. கார்புரேட்டருக்கு இவ்வளவு, பிக் எண்டுக்கு இவ்வளவுன்னு கழிச்சுக் கழிச்சு, கடைசியில் கேட்ட விலையில் பாதிக்குப் போச்சு.

ஆறு மாசம் கழிச்சு அதே பதிவு எண்ணோட அந்த வண்டி விற்பனைக்கு வந்த படத்தை என் மருமகன் போனில் காட்டினார். பளபளன்னு பெயிண்ட், புது குரோம், ஒரு அமால் கார்புரேட்டர். "சிங்கிள் ஓனர், இன்ஜின் பிரிக்கவே இல்லை, முழு ஒரிஜினல்." விலை மூணு மடங்கு. உள்ளே அந்த ரோலர் பேரிங் அப்படியேதான் இருந்திருக்கும். லைனரும் அப்படியேதான். எங்க அண்ணன் சொன்ன உண்மைக்கு விலை குறைஞ்சது. நடுவில் வந்தவர் சொன்ன பொய்க்கு விலை ஏறினது. அதை வாங்கினவரும் உங்களை மாதிரி படிச்ச, பழசை மதிக்கிற ஒருத்தராத்தான் இருந்திருப்பார்.

சந்தையில் மாடு வாங்கும்போது பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம். கொம்பைச் சீவி எண்ணெய் பூசிக் கொண்டு வர்ற தரகனை எங்களுக்குத் தெரியும். எதனால கொம்பு சீவுறான்? கொம்பைப் பார்த்து விலை சொல்ற ஆள் வர்றதால. புல்லட்டிலும் அதேதான் நடக்குது. வாங்குறவங்க ஒரே ஒரு வார்த்தைக்கு விலை கொடுத்தா, விற்கிறவங்க அந்த வார்த்தையைத் தயார் பண்ணிக் கொடுப்பாங்க.

சட்டம் என்ன சொல்லுது

இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை, காகிதமும் இதுல இருக்குது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டு வந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு. வண்டி அசல் வடிவில் இருக்கணும். சேசிஸ், பாடி, இன்ஜின் இதுல பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். நம்பர் பலகையில் "வி.ஏ." என்கிற எழுத்து வரும். ஆனா அந்தப் பதிவு வாங்கினா தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுறது இப்படிக் காரியத்துக்கு மட்டும்தான். பால் கேன் ஏத்த முடியாது.

இன்னொரு பக்கம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொன்னது. இன்ஜினையே மாத்தணும்னா பதிவு அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏத்தணும். அதனால கேஸ் உடைஞ்சு வேற கேஸ் போட்ட வண்டின்னா, அந்த எழுத்து ஆர்.சி.யில் இருக்குதான்னு பாருங்க. பெட்ரோல் புல்லட்டில் பம்புசெட் டீசல் இன்ஜினைத் தூக்கி வச்ச வண்டிக்கெல்லாம் இதுதான் கதி. கம்பெனியே 1990-களில் டாரஸ்னு 325 சி.சி. டீசல் வண்டி விட்டது. பட்டறையில் மாத்தினதும் அதுவும் ஒண்ணு கிடையாது. ஆர்.சி.யில் எரிபொருள்னு என்ன போட்டிருக்குன்னு பார்த்தாலே தெரிஞ்சு போகும்.

இதைப் படிக்கிற சிலர் ஒண்ணு சொல்லுவீங்க. "மாத்தினதெல்லாம் சரின்னு விட்டா, அந்தக் காலத்து வண்டி எப்படி இருந்ததுன்னு நாளைக்கு யாருக்கும் தெரியாமப் போயிடுமே?" நியாயமான பேச்சு. நிஜமாகவே அமாலும் புஷ்ஷும் பழைய மரையும் கலையாம எங்கேயாவது ஒரு வண்டி இருந்தா, அதை ஒரு ஆணி கூட மாத்தாம வச்சுக்கணும். அதுக்கு அதிக விலை கொடுக்கிறதும் தப்பில்லை. ஆனா அப்படிப்பட்ட வண்டி பெரும்பாலும் ஓடாம நின்ன வண்டியாத்தான் இருக்கும். ஓடி உழைச்ச வண்டியில் அதை எதிர்பார்க்கிறதும், இல்லைன்னு விலையைக் குறைக்கிறதும், அப்புறம் அதையே பூசி மெழுகி ஒரிஜினல்னு விற்கிறதும்தான் அந்தக் கலையாத வண்டிகளுக்கே கெடுதல். போலி பெருகினா நிஜத்தை யாரும் நம்ப மாட்டாங்க.

எங்க ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பழைய வண்டி வச்சிருந்தா ஒரு நோட்டு போடுங்க. எந்த வருஷம் என்ன மாத்தினது, எந்தப் பட்டறை, எந்த அளவு பிஸ்டன், எதனால மாத்தினது. மெக்கானிக் உயிரோட இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க. அவருக்கு அப்புறம் யாருக்கும் தெரியாது. கழட்டின சாமானைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதீங்க. சாக்கில் கட்டி, மேலே வண்டி நம்பரை எழுதி வைங்க.

பட்டணத்து நண்பர்களுக்கும் ஒண்ணு. அந்த நோட்டும் அந்தச் சாக்கும் உள்ள வண்டியைப் பார்த்தா விலையைக் குறைக்காதீங்க. பத்தாயிரம் சேர்த்தே கொடுங்க. மிக்கார்ப் போட்ட வண்டிக்கு அமால் எங்கேயாவது தேடி வாங்கிக்கலாம். வண்டியோட கதையைப் பின்னால எங்கேயும் வாங்க முடியாது. உண்மை சொன்னா நஷ்டம்னு ஒரு தடவை பழகிட்டா, அடுத்த தடவை அந்த வீட்டில் உங்களுக்கு உண்மை கிடைக்காதுங்க.